சிவப்புக் கிடாரித் துணைக்குழு

உலகம் முடியப்போகிறது என்பது பால்காரம்மாவுக்குப் புதுச் செய்தி அல்ல. கல்யாணமாகி அந்தக் கிறிஸ்தவச் சபைக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள், முடியவில்லை. மகள் பள்ளிக்கூடம் சேர்வதற்குள் என்றார்கள்; மகள் பள்ளிக்கூடம் முடித்து, தையல் படித்து, கல்யாணமும் செய்துகொண்டாள். புருஷன் செத்தபோது சபையின் கடைசிக்காலப் பேரவைத் தலைவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இனிமேல் கட்டப்படவிருக்கும் ஆலயத்தின் தூண்கள் எத்தனை முழ உயரம் என்று வெகுநேரம் விளக்கினார். செத்தவர் பேரைச் சொல்ல மறந்துவிட்டார். ஆனால் சீக்கிரமே எழுந்து வந்துவிடுவார் என்று உறுதி கொடுத்தார்.

பால்காரம்மா நம்பாதவள் அல்ல. வருகிறவர் வரட்டும், அதுவரைக்கும் பாலை யாராவது கறந்தாக வேண்டும், அவ்வளவுதான் அவள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க் கடைசி வரிசையில் உட்காருவாள். பாதிப் பிரசங்கத்தில் தூங்கிப்போவாள். விடிவதற்கு முன்னால் எழுந்தவள் பிறகு என்னதான் செய்வாள்.

அந்தச் சபைக்குள்ளேயே தனி அமைப்பு ஒன்று இருந்தது. அதன் பெயர் கடைசிக்கால ஆயத்தப் பேரவை. டயர் கடைக்கு மாடியில் இருந்த நீளமான அறைதான் அதன் தலைமையகம். ரப்பர் வாசனை அடிக்கும். சுவரில் ஆலயத்தின் வரைபடமும், மேஜையில் தெர்மோகோலில் செய்த அதன் மாதிரியும் இருந்தன. தூரதேசத்து நகரம் ஒன்றில் எந்தக் காலத்திலோ இடிந்துபோன யூதர்களின் ஆலயம் திரும்ப எழும்ப வேண்டும். அது எழும்பினால்தான் கடைசி நாள் வரும். ஆகவே அது எழும்ப ஆவன செய்ய வேண்டும் என்பது பேரவையின் கொள்கை. அதற்காகத் திரைச்சீலைத் துணைக்குழு, பலிபீடத் துணைக்குழு, எக்காளத் துணைக்குழு என்று பல இருந்தன. எக்காளத் துணைக்குழு மட்டும் டயர் கடைக்காரர் வேண்டிக்கொண்டதால் ஊதாமல் பயிற்சி செய்துவந்தது.

தலைவருக்கு ஊருக்குள் பெயரே எக்காளம்தான். முகத்துக்கு நேரே ஐயா என்பார்கள். பக்கத்து ஆளிடம் உப்பு கேட்டாலும் கூட்டத்துக்குச் சொல்வது போலத்தான் கேட்பார்.

பால்காரம்மாவின் மாப்பிள்ளை பேரவையின் துணைச் செயலாளர். பகலில் கீழே டயர் கடையில் கணக்கு பார்ப்பார், மீதி நேரமெல்லாம் மாடியில் உலக முடிவைப் பார்ப்பார். தங்கமான மனுஷன், கோபமே வராது. அந்தக் குறையை மகள் அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த மாப்பிள்ளை ஒருநாள் மாமியார் வீட்டுக்கு வந்தபோதுதான் கொட்டகையில் நின்ற கிடாரியை வெயிலில் பார்த்தார். வீட்டில் அதைச் சின்னவ என்பார்கள். அதன் தாய் பெரியவ. பெரியவளுக்கு வயதாகிவிட்டது, மடி வற்றிக்கொண்டு வந்தது. சின்னவ பருவத்துக்கு வந்து சினை பிடித்து ஒரு கன்று போட்டுவிட்டால் வாடிக்கைகளைக் கைவிடாமல் ஓட்டிவிடலாம் என்று பால்காரம்மா நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவ தலையிலிருந்து வால்வரை சிவப்பு, நெற்றியில்கூட ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. பால்காரம்மாவுக்கு அது ஒரு நிறம், அவ்வளவுதான். மாப்பிள்ளையோ தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அத்தை, இவளை யாராவது ஏர்ல கட்டியிருக்காங்களா?"

"எனக்கு ஏரே கிடையாதே மாப்பிள்ளை."

அவர் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

அடுத்த நாள் பேரவை முழுவதும் வந்து இறங்கியது. கொட்டகைக்கு முன்னால் நாற்காலிகள் போட்டாயிற்று. எக்காளம் சாணியில் கால் படாமல் ஒரு பலகை மேல் ஏறி நின்று பேசினார்.

"அன்பானவர்களே, உலகத்தில் எத்தனையோ மாடுகள் இருக்கின்றன. அவை பால் கொடுக்கின்றன, கன்று போடுகின்றன, செத்துப்போகின்றன. அவற்றால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆலயம் எழும்பும்போது அதைச் சுத்திகரிக்க, பழுதில்லாத, நுகம் படாத, சிவந்த கிடாரி ஒன்று வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இந்தக் கிடாரி இனிமேல் பால் கொடுக்காது, கன்று போடாது, எந்த வேலைக்கும் உதவாது. அந்த அளவுக்கு இதை உயர்த்தியிருக்கிறோம்."

எல்லோரும் ஆமோதித்தார்கள். பால்காரம்மாவுக்கு வாயைத் திறக்க நேரமில்லை. அவள் சம்மதத்தை மாப்பிள்ளை முந்தின நாளே தெரிவித்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

காபி கொடுக்கும்போது மனதில் பட்டதைக் கேட்டாள். ஆலயம் எழும்ப வேண்டிய இடத்தில் இப்போது வேறு மதத்துக்காரர்கள் தொழுதுகொண்டிருக்கிறார்களாமே, அங்கே எப்படிக் கட்டுவது என்று கேட்டாள். அது நிலநடுக்கத் துணைக்குழுவின் பொறுப்பு என்றார் எக்காளம். அவர்கள் என்ன செய்வார்கள் என்றாள். ஜெபிப்பார்கள் என்றார்.

"ஆலயம் யூதருங்களோடதுதானே ஐயா? அவங்களைக் கேட்டீங்களா?"

"அவங்களுக்காகத்தானே செய்றோம். அவங்களை எதுக்குக் கேக்கணும்?"

"கட்டி முடிச்ச பிறகு அவங்களுக்கு என்ன ஆகும்?"

எக்காளம் காபியை ஆற்றியபடி, மிகவும் கனிவாகச் சொன்னார். "பெரிய உபத்திரவம் வரும்மா. முக்கால்வாசிப் பேர் அழிஞ்சுபோவாங்க. மிச்சம் இருக்கிறவங்க நம்ம பக்கம் வந்துடுவாங்க."

"அதை அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுவீங்களா?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க இல்லையா," என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை கொஞ்சம் குறைவு என்றார்.

அன்றைக்கே சிவப்புக் கிடாரித் துணைக்குழு உருவானது. மாப்பிள்ளை அமைப்பாளர். உறுப்பினர்களில் முக்கியமானவர், எடை அளவு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். எப்போதும் சட்டைப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார், அதுவே அவருக்குப் பெயரும் ஆகிவிட்டது. வாராவாரம் பூதக்கண்ணாடி வந்து சின்னவளை மயிர் மயிராகப் பார்ப்பார். பால்காரம்மா அந்த வேளையில் பேசக்கூடாது, கவனம் சிதறும்.

துணைக்குழு விதிகள் போட்டது. கிடாரியின் மேல் எந்தச் சுமையும் படக்கூடாது. முதுகில் கை வைத்துச் சாயக்கூடாது, துணி காயப்போடக்கூடாது. கயிறு கட்டலாமா என்று ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்தது. கயிறு நுகத்துக்கு உறவுமுறை, ஆகவே கூடாது என்று முடிவானது. ஈ உட்கார்ந்தால் சுமையா என்று கேள்வி எழுந்தது. ஈ தானாக வந்து உட்கார்ந்தால் சுமை, உட்கார்ந்ததை வாலால் விரட்டிவிட்டால் சுமையல்ல என்று தீர்ப்பானது. விரட்டத் தவறினால் என்ன செய்வது என்பதை ஆராய இரண்டு பேர் நியமிக்கப்பட்டார்கள். தூரதேசத்துக்கு அனுப்பும்போது லாரியில் ஏற்றுவது பற்றியும் பேசினார்கள். லாரிதான் மாட்டைச் சுமக்கிறதே தவிர மாடு லாரியைச் சுமக்கவில்லை என்று பூதக்கண்ணாடி எடுத்துச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் நிம்மதி.

கயிறு இல்லாத மாடு சும்மா இருக்குமா. சின்னவ வீட்டுக்குள் வந்து தலையணையைத் தின்றாள். அடுத்த தோட்டத்துக் கீரைப் பாத்தியை அவள் மேய்ந்ததற்காக, அந்தத் தோட்டக்காரரிடம் பால்காரம்மா வாங்கிக் கட்டிக்கொண்டாள். தன் மாட்டைத் தானே அடிக்கக்கூடாதாம்; தழும்பு விழுந்தால் பழுதாகிவிடுமாம். திரைச்சீலைத் துணைக்குழு ஒருநாள் ஆலயத் திரையை எல்லோருக்கும் காட்டுவதற்காகக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்தது. நீலமும் சிவப்புமாக, ஓரமெல்லாம் வேலைப்பாடு. வருஷக்கணக்கில் அதைத் தைத்தது பால்காரம்மாவின் மகள்தான். எல்லோரும் அண்ணாந்து பாடிக்கொண்டிருந்த நேரத்தில் சின்னவ ஒரு மூலையைப் பிடித்து நிதானமாக மெல்லத் தொடங்கினாள். திரைச்சீலைக்காரர்கள் மாட்டைத் தள்ளப் போனார்கள், கிடாரிக்காரர்கள் தொடக்கூடாது என்று தடுத்தார்கள். இரண்டு துணைக்குழுக்களும் சட்டையைப் பிடித்துக்கொள்வதற்குள் ஒரு முழத்துக்கு மேல் உள்ளே போய்விட்டது. திரை எப்படியும் ஒருநாள் கிழிய வேண்டியதுதான் என்று சமாதானம் சொல்லி எக்காளம் கூட்டத்தைக் கலைத்தார். மகள் கிணற்றடிக்குப் போய் நின்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பால்காரம்மா பார்த்து ரொம்ப நாளாயிற்று.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. சின்னவளின் காதுக்குப் பின்னால் இரண்டு மயிர்கள் வெளிறித் தெரிவதாகப் பூதக்கண்ணாடி அறிவித்தார். பேரவையே ஆடிப்போனது. பிடுங்கிவிடலாம் என்றார் ஒருவர், அது மோசடி என்றார் இன்னொருவர். சாயம் பூசலாம் என்றவரை வெளியே அனுப்பினார்கள். கடைசியில் எக்காளம் எழுந்து, நிறம் என்பது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது, விசுவாசக் கண்ணுக்கு அவை சிவப்பே என்று சொல்ல, அப்படியே தீர்மானம் நிறைவேறியது. இளஞ்சிவப்பு என்று திருத்தம் கொண்டுவந்த மூன்று பேர் பிரிந்துபோய் எதிர்ப்பேரவை ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது பெரியவளின் மடி சுருங்கிக்கொண்டே வந்தது. வாடிக்கைகள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சின்னவ பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தாள். கத்தல் நின்று, மூன்று வாரம் கழித்துத் திரும்பத் தொடங்கும். அடுத்த தோட்டத்துக் காளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பதில் சொல்லும். ஒரு தடவை காளைக்கு விடலாமா என்று பால்காரம்மா மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஒருநாள் சோதனை முடித்துப் புறப்பட்ட எக்காளத்திடம் பால்காரம்மா பல நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "ஐயா, அவ கொஞ்சம் முரடு. முன்னப்பின்ன தெரியாதவங்க கிட்ட வந்தா உதைப்பா. அங்க போன பிறகு அவளை யாரு கறப்பாங்க?"

எக்காளம் சிரித்தார். "கறக்கறதா? என்னம்மா நீங்க, சபையில தூங்கிட்டே இருப்பீங்களா? அவளை அறுத்து எரிச்சு, அந்தச் சாம்பலைத்தானே தண்ணியில கரைச்சுத் தெளிப்பாங்க."

சாம்பல் என்ற வார்த்தையைப் பால்காரம்மா சபையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அடுப்புச் சாம்பல் போல ஏதோ ஒரு சாம்பல் என்று நினைத்திருந்தாள். அவர்கள் போன பிறகு கொட்டகைக்குள் போய்ச் சின்னவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விதிக்கு விரோதமாக, முதுகின் மேல் நன்றாகச் சாய்ந்து நின்றாள்.

அந்த வாரம் மகள் வந்தாள். கொட்டகை கூட்ட வந்தவள் சாணி நாற்றம் தாங்காமல் ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தாள். சாணியிலேயே வளர்ந்த பெண். பால்காரம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"மாப்பிள்ளைக்குச் சொன்னியா?"

"எப்படிம்மா சொல்றது? சுற்றறிக்கையே அவர்தானே எழுதினாரு."

குடும்பநலத் துணைக்குழு போன வருஷம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. உபத்திரவ காலத்தில் எல்லோரும் மலைகளுக்கு ஓட வேண்டியிருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு ஓடுவது கடினம். கைக்குழந்தை இருந்தால் அதைவிடக் கடினம். ஆகவே அங்கத்தினர்கள் பிள்ளை பெறுவதை ஆலயம் எழும்பும்வரை தள்ளிவைக்க வேண்டும். தவறினால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சாரம்.

"அவர் நல்லவர்தாம்மா. ஆனா இதைச் சொன்னா சந்தோஷப்படுவாரா, மேல போய்க் காரணம் எழுதுவாரான்னு எனக்குத் தெரியலை. அதுதான் பயமா இருக்கு," என்றாள் மகள். அழவில்லை. துடைப்பத்தை எடுத்துத் திரும்பக் கூட்டப் போனாள். பால்காரம்மா அதைப் பிடுங்கி வைத்தாள்.

வெளியூர்க் கிளைகளிலிருந்து பிரதிநிதிகள் வந்து கிடாரியைப் பார்வையிடும் நாள் குறிக்கப்பட்டது. அவர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டால் மாட்டை அனுப்பும் வேலை தொடங்கிவிடும். அன்று காலை முற்றம் நிறைய நாற்காலிகள், ஒரு மேஜை, அதன் மேல் பூங்கொத்து. சின்னவ விடிந்ததிலிருந்தே கத்திக்கொண்டிருந்தாள். சிருஷ்டியே முடிவுக்காகப் பெருமூச்சு விடுகிறது என்று எக்காளம் பிரதிநிதிகளுக்கு விளக்கினார். அவர்கள் உருகிப்போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பெருமூச்சு பலமாக வந்துகொண்டிருந்தது.

பிறகு எக்காளம் எல்லோரையும் கண்களை மூடச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினார். அவர் ஜெபம் எப்போதும் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து தொடங்கும். வரிசையாக எல்லாக் காலங்களையும் தொட்டுக்கொண்டு இன்றைக்கு வந்து சேர வெகுநேரம் பிடிக்கும். பால்காரம்மா வாழ்நாள் முழுக்க அந்த ஜெபத்தில் தூங்கியிருக்கிறாள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். முற்றத்தில் அத்தனை பெரிய மனிதர்கள், அத்தனை பேருடைய கண்களும் மூடியிருந்தன.

ஜலப்பிரளயம் வந்த சமயத்தில் அவள் எழுந்து வேலியோரம் நடந்தாள். தோட்டத்துப் பக்கம் வேலி வாசலை அடைத்திருந்த மூங்கில் படலை இழுத்தபோது அது கிறீச்சிட்டது, ஒருவரும் திரும்பவில்லை. எகிப்திலிருந்து ஜனங்கள் புறப்பட்ட நேரத்தில் காளையும் புறப்பட்டது. அது நாற்காலிகளுக்கு நடுவே, யார் மேலும் இடிக்காமல், மரியாதையாக நடந்து போனது. சின்னவ கத்தலை நிறுத்தினாள். ராஜாக்கள் ஒவ்வொருவராக எழும்பி விழுந்தார்கள். ஜனங்கள் சிறையிருப்புக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பால்காரம்மா தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டாள். ஆமென் என்று அன்றைக்கு அவள்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள்.

கண் திறந்தவர்கள், மேஜைக்குப் பக்கத்தில் ஒரு காளை நின்று பூங்கொத்தைத் தின்பதைப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி ஓடிப்போய்ச் சின்னவளை ஆராய்ந்தார். முதுகின் இரண்டு பக்கமும் சேறு. குளம்படி போல இருக்கிறது என்று சொன்னார்.

அங்கேயே விசாரணை நடந்தது. காளை ஏறியிருந்தால் அது சுமையா என்பது முதல் கேள்வி. ஏறியது என்பதற்கு என்ன சாட்சி என்பது இரண்டாவது. யாராவது பார்த்தீர்களா என்று எக்காளம் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்த்தேன் என்று சொல்கிறவன் ஜெபத்தில் கண்ணைத் திறந்தவன் ஆகிவிடுவான். வெளியூர்ப் பிரதிநிதிகள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான் பார்த்தேன்," என்றாள் பால்காரம்மா. "படலைத் திறந்துவிட்டதே நான்தான்."

எக்காளம் பூதக்கண்ணாடியுடன் ஒதுங்கிப் போய்க் கலந்துபேசிவிட்டு வந்தார். பிரசங்கக் குரலில் தீர்ப்பு சொன்னார்.

"ஜெபவேளையில் கண் திறந்திருந்தவருடைய சாட்சியம் செல்லாது. ஆகவே, யாரும் எதையும் பார்க்கவில்லை. கண்ணால் காணாததை விசுவாசிப்பதே நம் வழக்கம் என்றாலும், இந்தக் காரியத்தில் அது பொருந்தாது."

சேற்றைத் துடைக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கிடாரி பழுதற்றது என்று பிரதிநிதிகள் ஒப்புதல் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை மட்டும் சாப்பிடப் போகவில்லை. தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். பால்காரம்மா காளையை ஓட்டிவிட்டு வந்து அவர் எதிரில் நின்றாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"நானும் பார்த்தேன் அத்தை," என்றார் அவர்.

"எதை?"

"நீங்க எழுந்து போனதிலிருந்து எல்லாத்தையும்."

"பின்ன ஏன் சத்தம் போடலை?"

அவர் மூட்டையிலிருந்து சிந்திய தவிட்டைக் கையால் கூட்டினார். "தெரியலை அத்தை. ரொம்ப அசதியா இருந்துச்சு. நடக்கட்டும்னு தோணிடுச்சு."

பால்காரம்மா அவரை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பகலில் டயர் கணக்கு, மாலையில் துணைக்குழு, வீட்டுக்குப் போனால் சுற்றறிக்கை. அவருக்கு வயது முப்பதுதான் இருக்கும்.

"மாப்பிள்ளை, இன்னொண்ணும் சொல்லணும். உங்க வீட்டுலயும் உண்டாயிருக்கு. அவ உங்ககிட்டச் சொல்லப் பயப்படறா."

அவர் எழுந்து நின்றார். திரும்பவும் உட்கார்ந்தார். அவள் தன் மகளைத்தான் சொல்கிறாள் என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "என்கிட்டயா பயம்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் சாப்பாட்டுப் பந்தலைத் தாண்டி, எக்காளம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் கேட்காமல், வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். மறுநாள் மாடியறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். காரணம் எழுதிக் கொடு என்றார்களாம். காரணம் ஒன்றும் இல்லை, பிள்ளை பிறக்கப்போகிறது என்று வாயாலேயே சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

மாட்டை அனுப்பும் காகிதங்கள் துணைக்குழு துணைக்குழுவாகச் சுற்றிக்கொண்டிருந்தபோதே சின்னவளின் வயிறு தெரியத் தொடங்கியது. பேரவை முதலில் அதை ஊட்டச்சத்து என்றது. பிறகு வாயு என்றது. பூதக்கண்ணாடி வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். அதற்குமேல் மறைக்க முடியாமல் விசேஷக் கூட்டம் கூட்டினார்கள். எக்காளம் அதில் பேசியது ஊர் முழுக்க அடிபட்டது.

"தீர்க்கதரிசனம் தவறவில்லை. மாடுதான் தவறிவிட்டது," என்றார்.

கிடாரியைப் பேரவையிலிருந்து நீக்குவதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதைப் படித்துக் காட்ட ஒருவர் கொட்டகைக்கே வந்தார். சின்னவ அசைபோட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பால்காரம்மா தன்னையும் நீக்கியிருக்கிறார்களா என்று விசாரித்தாள். அவள் சாட்சியம் செல்லாததால் அவள் குற்றமும் செல்லாது என்று சொன்னார் வந்தவர். வேறு கிளை ஒன்றில் வேறொரு சிவப்புக் கன்று பிறந்திருக்கிறதாம், பேரவை இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார். அந்த மாட்டுக்காரர் யாரோ, பாவம், என்று பால்காரம்மா நினைத்துக்கொண்டாள்.

மகளுக்குப் பெண் பிறந்தது. அதற்குப் பின்னால் கொஞ்ச நாளில் சின்னவளும் ஈன்றாள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு காளைக்கன்று, எந்தத் துணைக்குழுவுக்கும் ஆகாத நிறம். பால் நன்றாக இருந்தது. விட்டுப்போன வாடிக்கைகள் சிலர் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை டயர் கடை முடிந்ததும் வந்து புல் வெட்டிப் போடுவார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடுகளுக்கு நடுவே உலாத்துவார். கோபம் இப்போது கொஞ்சம் வருகிறது என்றாள் மகள், ஒரு குறையாகச் சொல்லவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் எக்காளம் நின்றார். கையில் ஒரு சின்னத் தூக்குச்சட்டி. கூட யாரும் இல்லை. வழக்கமாக வாங்குகிற இடத்தில் பால் கிடைக்கவில்லை, அரை லிட்டர் வேண்டும் என்றார். பால்காரம்மா ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். தனியாகப் பார்க்கும்போது இத்தனை வயதானவரா என்று இருந்தது. மனைவி போய் எத்தனையோ காலம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது.

உள்ளே பேத்தி அழுதாள். எக்காளம் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க வீட்டுக் கூரை ஒழுகுதும்மா," என்றார். "கல்யாணமான புதுசுலேயே அவ சொன்னா, ஓடு மாத்திடலாம்னு. நாம இங்க எவ்வளவு நாள் இருக்கப் போறோம்னு நான்தான் வேண்டாம்னேன். அவ கடைசி வரைக்கும் அந்த ஒழுகல்ல பாத்திரம் வெச்சுட்டுத்தான் இருந்தா. இப்ப நான் வைக்கிறேன்."

பால்காரம்மாவுக்கு அவரிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. புருஷனின் சவப்பெட்டி நினைவுக்கு வந்தது, சாம்பல் நினைவுக்கு வந்தது. ஆனால் கறக்கிற நேரம் ஆகிவிட்டிருந்தது, அவளுக்கும் களைப்பாக இருந்தது. கறந்து வந்து சட்டியில் பாலை ஊற்றி, நுரை அடங்கியதும் மேலே கொஞ்சம் கொசுறு விட்டாள்.

"நாளைக்கும் வேணுமா ஐயா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாழ்நாளில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போல இருந்தது.

"இல்ல, மாசத்துக்கே எழுதிக்கவா?" என்றாள் பால்காரம்மா. "அப்படின்னா வீட்டுக்கே கொண்டாந்து ஊத்திடுவேன்."

எக்காளம் சட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"மாசத்துக்கே ஊத்துங்க," என்றார். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் அவர் பேசி அன்றைக்குத்தான் அவள் கேட்டாள்.

"காலையிலயா, சாயந்தரமா?"

"ரெண்டு வேளையும்."